கீழ் வீட்டு வெப்பம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததும் டிமானா தொட்டுப் பார்த்தது தரையை.

விருந்தினர் அறை ஜன்னலுக்குக் கீழே ரேடியேட்டர். அதன் குழாய் தரைக்குள் இறங்குகிற இடத்தில், ஒரு முறம் அகலத்துக்கு எந்நேரமும் இளஞ்சூடு இருக்கும். அங்கேதான் அவள் தயிர் உறைய வைப்பாள். காய்ச்சிய பாலை விரல் பொறுக்கும் பதத்துக்கு ஆறவிட்டு, உறை ஊற்றி, ஜாடிகளைப் பழைய ஸ்வெட்டரில் சுற்றி அந்த இடத்தில் வைத்துவிட்டால் போதும். மதியத்துக்குள் கத்தியால் வெட்டலாம், அவ்வளவு கெட்டி.

அந்தச் சூடு இவர்கள் வீட்டுச் சூடு அல்ல. ஊர்க் கொதிகலனிலிருந்து சுடுநீர் அடுக்குமாடி முழுக்கக் குழாயில் ஏறி வரும். ரேடியேட்டரைத் திறந்தவர்கள் கட்டணம் கட்டுவார்கள். டிமானா திறந்து ஏழு குளிர்காலம் ஆகிவிட்டது. கீழ் வீட்டு மிரோன் திறந்து வைத்திருக்கிறார். அவருடைய கூரைதானே இவளுடைய தரை.

"இன்னிக்கும் தயிரா?" என்றபடி அவள் புருஷன் வெலிச்கோ வாசலில் நின்று பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"வர்றவங்க ரொட்டிக்கடைக்காரங்க. ரொட்டியில நான் அவங்களை ஜெயிக்க முடியாது. தயிரிலயாவது ஜெயிக்கலாமே. கதவைச் சாத்துய்யா, சூடு போகுது."

'கதவைச் சாத்து, சூடு போகுது.' அக்டோபரில் ஆரம்பித்தால் ஏப்ரல் வரைக்கும் அந்த வீட்டில் அதிகம் கேட்கிற பேச்சு இதுதான்.

போன வாரம் மகள் இஸ்க்ரா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "ஆசெனோட அப்பா அம்மா ஞாயித்துக்கிழமை வர்றாங்க" என்று சொன்னாள். அதைவிடப் பெரிய இடி அடுத்து விழுந்தது. கட்டிக்கொள்ளப்போகிற ஆசெனை இத்தனை மாதமாக ஏன் வீட்டுக்குக் கூட்டிவரவில்லை என்று கேட்டதற்கு, "எங்க வீட்டு ரேடியேட்டர் ரிப்பேர்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றாள். டிமானா திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். வீட்டுக்குள் கோட்டு போட்டுக்கொண்டு பாடம் படித்த பிள்ளை அது. பள்ளிக்கூடச் சிநேகிதி ஒருத்தியைக்கூட அழைத்து வந்ததில்லை.

டிமானா பிறவிக் கஞ்சம் இல்லை. ரொட்டிக்கு விடியுமுன் வரிசையில் நின்ற அந்தக் குளிர்காலத்தில், வங்கியில் போட்டு வைத்திருந்த கல்யாணச் சேமிப்பு வருஷம் திரும்புவதற்குள் விலையேற்றத்தில் வெறும் காகிதமாகிப் போனது. அதற்குப் பிறகு அவள் கையிலிருந்த காசை நம்பவில்லை. செலவழிக்காமல் விட்டதைத்தான் நம்பினாள். பிளாஸ்டிக் பைகளைக் கழுவிக் கொடியில் காயப்போடுவாள். தேய்ந்த சோப்புத் துண்டுகளை ஒன்றோடொன்று அழுத்திப் புதுச் சோப்பாக்குவாள். குழாயில் வெந்நீர் வரும்வரை வருகிற பச்சைத் தண்ணீரை வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றுவாள். எல்லாம் இஸ்க்ராவுக்கு ஒரு வீடு அமையவேண்டும் என்று.

வெலிச்கோ சுரங்கத்தில் கரி வெட்டியவன். சுரங்கம் மூடியபின் சுவர்ப் பூச்சுக்குப் போகிறான். அதிகம் பேசமாட்டான். இன்று போகிறபோது பேசினான்.

"டிமானா, அந்த வால்வுப் பக்கம் போகாத. ஏழு வருஷம் மூடிக் கிடந்தது. உள்ள துரு புடிச்சு ஒண்ணா சேர்ந்திருக்கும். பஸ் நிலையத்துலேருந்து அவங்களைக் கூட்டிட்டு வந்து நானே பாக்குறேன்."

"அவங்க வந்தப்புறம் குறடும் கையுமா நிப்பியா? நல்லா இருக்கும்."

"அப்ப சமையலறையிலேயே உக்காரச் சொல்லு. கரி அடுப்பு எரியுதுல்ல."

"சம்பந்தியைச் சமையலறையில உக்கார வைக்கிறதா! போய்யா."

இஸ்க்ரா அப்பாவோடு கிளம்பினாள். டிமானா கதவைச் சாத்திவிட்டு நேராகக் குறட்டைத் தேடினாள்.

வால்வு முதலில் அசையவில்லை. துணியைச் சுற்றிப் பிடித்து முழு எடையையும் போட்டுத் திருகினாள். 'கிரீச்' என்று கத்திக்கொண்டு கால் சுற்று திரும்பியது. உள்ளே நீர் ஓடும் சத்தம். ரேடியேட்டர் வயிறு கடமுடவென்றது. கொஞ்ச நேரத்தில் இரும்பு சுட ஆரம்பித்தது.

"துருவாம், சேர்ந்திருக்குமாம்" என்று டிமானா தனக்குள் சிரித்தாள். விருந்தாளிகள் பஸ் ஏறியதும் மூடிவிடலாம். ஒரு மதியப் பொழுது. என்ன பெரிய செலவு வந்துவிடும்?

குழாய் இறங்கும் இடத்தில் சிமெண்டு உதிர்ந்து விரல் நுழைகிற ஓட்டை ஒன்று உண்டு. அதன் வழியாக மிரோன் இருமுவது கேட்டது. "பூச்சுக்காரன் வீட்டுல ஓட்டையா, ஊர் சிரிக்கும். அடைச்சிடுறேன்" என்று வெலிச்கோ எத்தனையோ தடவை சொல்லிவிட்டான். டிமானாதான் விடவில்லை. அடைத்தால் சூடு எப்படி ஏறும்?

*

ஆசெனின் அம்மா ராயினா பெரிய உடம்புக்காரி, பெரிய சிரிப்புக்காரி. வாசலில் பூட்ஸைக் கழற்றி, டிமானா நீட்டிய விருந்தாளிச் செருப்பில் காலை நுழைத்தபோதே, "ஆகா, பூப்போட்ட செருப்பு! இது என் காலுக்குத்தான் காத்துக்கிட்டிருந்துச்சு" என்றாள். உண்மையில் அது பல வருஷமாகப் பெட்டியில் காத்துக்கொண்டுதான் இருந்தது.

அவள் புருஷன் டோப்ரி ஒல்லி. மாவு மூட்டை தூக்கித் தூக்கித் தோள் மட்டும் அகலம். ஆசென் அப்பாவைப்போலவே. ரேடியேட்டரைக் கண்டதும் நேராகப் போய் முதுகைக் காட்டி நின்றான்.

"ரிப்பேர் சரியாயிடுச்சா இஸ்க்ரா?" என்றான்.

இஸ்க்ரா அம்மாவைப் பார்த்தாள். "ஆமா" என்றாள். அந்த 'ஆமா'வின் வால் தொண்டைக்குள்ளேயே தங்கிவிட்டது.

வெலிச்கோ ரேடியேட்டரைப் பார்த்தான், பிறகு மனைவியைப் பார்த்தான். பிளம் சாராயத்தைக் குட்டிக் கோப்பைகளில் ஊற்றினான். முட்டைக்கோசு ஊறுகாயும், சீஸ் வைத்துச் சுட்ட பானித்சாவும் மேஜைக்கு வந்தன.

"அடுக்கு அடுக்கா விரியுது பாரு" என்று டோப்ரி பானித்சாவைத் தூக்கிக் காட்டினான். "நம்ம கடையில இப்படி வரமாட்டேங்குது."

"உன் கை அவசரக் கை. இவங்க கை பொறுமைக் கை" என்றாள் ராயினா. பிறகு பேச்சை நிறுத்திக் காலை நகர்த்தினாள். "சம்பந்தி, இந்த எடத்துல தரை எவ்வளவு இதமா இருக்கு! தரைக்கு அடியிலயும் குழாய் போட்டிருக்கீங்களா?"

டிமானாவுக்கு உச்சி குளிர்ந்தது. இத்தனை வருஷமாக யாரும் பாராட்டாத சாமர்த்தியத்தை ஒரு வியாபாரி வீட்டுப் பெண்மணி கேட்கிறாள். ஒரு கோப்பை சாராயமும் உள்ளே போயிருந்தது.

"குழாயும் இல்ல ஒண்ணும் இல்ல. உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன, சம்பந்தி. இந்த ரேடியேட்டரை நான் ஏழு குளிர்காலமாத் தொறக்கவே இல்ல."

"தொறக்காமலா? உறைஞ்சு போகமாட்டீங்களா?"

"எதுக்கு உறையணும்? கீழ் வீட்டுக்காரர் ராத்திரி பகலா எரிய விடுறார். மேல் வீட்டுலயும் எரியுது. நடுவுல இருக்குறவளுக்கு என்ன குறை? கீழ எரியிற வரைக்கும் மேல எனக்குத் தயிர் உறையும்!" டிமானா தொடையில் தட்டிச் சிரித்தாள். "பாருங்க, ஜாடியெல்லாம் அந்த மூலையில."

டோப்ரி சிரித்தான். ராயினாவும் சிரித்தாள், ஆனால் கொஞ்சம் தாமதமாக. ஆசென் இஸ்க்ராவைப் பார்த்தான்.

"அம்மா" என்றாள் இஸ்க்ரா, உதடு அசையாமல்.

வெலிச்கோ தட்டைப் பார்த்துக்கொண்டே, "அந்த ஓட்டை வழியாப் பேச்சு கீழ இறங்கும், டிமானா" என்றான்.

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். வால்வு பறந்து போய் ஷோகேஸ் கண்ணாடியில் அடித்தது. ரேடியேட்டரின் பக்கவாட்டிலிருந்து கரி நிறத்தில் சுடுநீர் பீய்ச்சி அடித்தது.

"நிலவறை! சாவி எங்க!" என்று கத்திக்கொண்டே வெலிச்கோ ஓடினான். ஆசென் மேஜை விரிப்பை உருவி வால்வு பறந்த இடத்தில் திணிக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டான். டோப்ரி ஊறுகாய்ப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு அதைத் தண்ணீருக்கு அடியில் பிடித்தான்.

"துணி! துணி கொண்டாங்க!"

டிமானா அலமாரியைத் திறந்தாள். கைக்கு நேராக இஸ்க்ராவின் கல்யாணத்துக்கென்று வாங்கி அடுக்கிய துண்டுகள் இருந்தன. தடித்த, வெள்ளை வெளேரென்ற, ஒருமுறைகூடப் பிரிக்காத, சிவப்பு ரிப்பன் கட்டிய துண்டுகள். இரண்டு கையாலும் எடுத்தால் பாதித் தண்ணீரை அங்கேயே உறிஞ்சிவிடும்.

கை நீண்டது. நின்றது.

கரித் தண்ணீர். ஒருதரம் தோய்த்தால் கறை போகாது.

அவள் அலமாரியைச் சாத்தினாள். குளியலறைக்கு ஓடினாள். கிழிந்த துணிகள் போட்டு வைத்திருந்த வாளியைத் தேடி, அதற்கு மேல் கிடந்த துடைப்பத்தை விலக்கி, துணியை அள்ளிக்கொண்டு திரும்பினாள். அதற்குள் அறைத் தரை முழுக்கக் கறுப்பு. ஜன்னலோரத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு அந்த ஓட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அலமாரிக்குப் பக்கத்தில் இஸ்க்ரா நின்றாள். எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

கீழே இருந்து குழாயில் யாரோ தட்டினார்கள். இரும்பை இரும்பால் அடிக்கிற சத்தம். நிற்காமல் தட்டினார்கள்.

*

வெலிச்கோ நிலவறையில் போய்க் குழாயை மூடினான். அந்த வரிசையில் இருந்த எட்டு வீட்டுக்கும் வெப்பம் நின்றது. மாடிப்படி முழுக்கத் தலைகள் எட்டிப் பார்த்தன. மேல் வீட்டுக்காரி கைப்பிடியில் சாய்ந்து, "ஏழு வருஷமாப் பூட்டி வச்சுட்டு இன்னிக்கு என்னடி திடீர்த் தாராளம்?" என்றாள். யாரோ சிரித்தார்கள். டிமானா தலையைக் குனிந்துகொண்டு இறங்கினாள். பின்னால் ராயினாவின் பூப்போட்ட செருப்பும் இறங்கி வருவது கேட்டது.

மிரோன் கதவைத் திறந்து வைத்திருந்தார். பழைய பஸ் மெக்கானிக். குளியலறைப் பிளாஸ்டிக் தொட்டியைக் கட்டிலுக்கு மேலே தூக்கிப் பிடிக்கப் பார்த்துத் தோற்றிருந்தார். சட்டையெல்லாம் கறுப்பு.

"வா தங்கச்சி. மழை உங்க ஊர்ப்பக்கமிருந்துதான் வருது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் டிமானாவுக்குப் புரியவில்லை. நடை குளிர்ந்து கிடந்தது. சமையலறைக் கதவு இடுக்கில் பனிக்காற்று. படுக்கையறை ஜன்னலில் உட்பக்கம் பனி படிந்திருந்தது. இவரும் மூடித்தான் வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் மூடிவிட்டு, ஒரே ஓர் அறையில், ஒரே ஒரு ரேடியேட்டரைத் திறந்து வைத்திருக்கிறார். அந்த அறையில் வாஸ்கா படுத்திருந்தாள்.

வாஸ்காவும் டிமானாவும் ஒரு காலத்தில் தையல் ஆலையில் அடுத்தடுத்த மிஷின். வாஸ்காவின் கைவேகத்துக்கு ஆலையில் ஈடு கிடையாது. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தபின் டிமானா பார்க்க வந்தது ஒரு முறை. பிறகு, வெறுங்கையோடு போவது எப்படி, எதையாவது எடுத்துக்கொண்டு போனால் அது ஒரு செலவு, அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று வருஷங்கள் ஓடிவிட்டன.

கட்டிலின் கால்மாட்டில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வாஸ்காவின் தலைமயிர் நனைந்து கன்னத்தில் ஒட்டியிருந்தது. அவளைப் போர்த்தியிருந்தது ஆட்டுத்தோல் கோட்டு.

டிமானா அந்தக் கோட்டைப் பார்த்தாள்.

வெலிச்கோவின் சுரங்கக் கோட்டு. தோள்பட்டையில் கிழிந்ததை அவளே தைத்தது. கறுப்பு நூல் தீர்ந்துபோய், புது நூல்கண்டு வாங்க மனமில்லாமல், பழுப்பு நூலால் தைத்த கோணல் தையல். இதை நிலவறையிலிருந்து யாரோ திருடிவிட்டதாக வெலிச்கோ சொன்னான். அன்று மாடிப்படியில் நின்று, எல்லாக் கதவுக்கும் கேட்கும்படி அவள் கத்தினாள்: "எடுத்தவன் கை விளங்காமப் போகட்டும்!"

கோட்டின் மேல் வாஸ்காவின் வலது கை கிடந்தது. வைத்த இடத்தில் கிடந்தது.

ஈரத் தரையில் டிமானாவின் கால் வழுக்கியது. சுவரைப் பிடித்தாள். சுவர் வழவழவென்று இருந்தது. புதுப் பூச்சு. கட்டிலை ஒட்டிப் பிடித்து எழ ஓர் இரும்புக் கம்பி, அதைச் சுற்றிலும் சுத்தமான சிமெண்டு வேலை. அந்தக் கைவேலையை அவள் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வாள். உருளைக்கிழங்கு பொறுக்கப் போகிறேன், கரி அடுக்கப் போகிறேன் என்று வெலிச்கோ நிலவறைக்குப் போய் மணிக்கணக்கில் திரும்பாமல் இருந்த சாயங்காலமெல்லாம் இங்கேதான்.

"டி...மானா" என்றாள் வாஸ்கா. பாதி வாய்தான் அசைந்தது. மறு பாதி சும்மா இருந்தது. "தையல்... கோணல்."

மிரோன் சிரித்தார். "தினமும் அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கா. ஆனா உன் தயிரை ஒரு குறை சொன்னதில்ல. வேற எதுவும் அவளுக்குத் தொண்டையில இறங்கல தங்கச்சி. நீ வாராவாரம் குடுத்தனுப்பலைன்னா இந்தக் குளிர்காலத்தை எப்படித் தள்ளியிருப்போமோ. வெலிச்கோகிட்ட ஒவ்வொரு தடவையும் சொல்லுவேன், டிமானாவுக்கு நன்றி சொல்லுன்னு. சொன்னானா?"

வாசலில் ராயினா நின்றிருந்தாள். அவள் முகம் இளகிப்போயிருந்தது.

டிமானா ஒரு ஜாடிகூடக் கொடுத்தனுப்பியதில்லை. ஜாடி குறைவதைக் கவனித்திருக்கிறாள். வெலிச்கோ வேலை இடத்துக்கு எடுத்துப்போய்ச் சாப்பிடுகிறான் என்று நினைத்து, "கொஞ்சமா தின்னுய்யா" என்று சொல்லியும் இருக்கிறாள்.

இப்போது சொல்லவேண்டும். ஒரு வார்த்தைதான்.

"சொன்னார்" என்றாள் டிமானா.

"சரி, மேல நீ பேசினதும் கேட்டுச்சு" என்று மிரோன் ஈரப் போர்வையைப் பிழிந்துகொண்டே, சாதாரணமாகச் சொன்னார். "கீழ எரியிற வரைக்கும் தயிர் உறையும்னு. வாஸ்கா சிரிச்சா பாரு. நம்ம தயிரைத்தான் சொல்றான்னு."

*

அந்த அறையில் வாஸ்காவை வைத்திருக்க முடியாது. குழாய்க்காரர் திங்கட்கிழமைக்கு முன்னால் வரமாட்டார். வெளியே பனி உறைந்து கிடந்தது. அந்த வரிசையில் எரிகிற அடுப்பு ஒன்றுதான், டிமானாவின் சமையலறைக் கரி அடுப்பு.

"மூட்டை மாதிரி நெனச்சுக்கங்க அக்கா, நான் மாவைக் கீழ போட்டதே இல்ல" என்று சொல்லி டோப்ரி குனிந்தான். அவனும் வெலிச்கோவும் வாஸ்காவை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கினார்கள். ஆசென் கட்டுப்போட்ட கையால் முன்னால் வழி விலக்கினான். மாடிப்படித் தலைகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

அடுப்போரம் அவளைச் சாய்த்து உட்கார வைத்ததும், டிமானா போய் அலமாரியைத் திறந்தாள். சிவப்பு ரிப்பனை அவிழ்க்க விரல் வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். வெள்ளைத் துண்டால் வாஸ்காவின் தலையைத் துவட்டினாள். துண்டில் கறுப்பு ஏறியது. இன்னொன்றை எடுத்தாள். அதிலும் ஏறியது. அரைமணிக்கு முன்னால் இதைச் செய்திருந்தால் துவட்டவே வேண்டியிருந்திருக்காது.

இஸ்க்ரா வாசலில் நின்று அந்தத் துண்டுகளைப் பார்த்தாள். பிறகு வாளியையும் துணியையும் எடுத்துக்கொண்டு, "கீழ தரையைத் துடைச்சிட்டு வரேன்" என்று இறங்கிப் போனாள். "நானும் வரேன் கண்ணு" என்று ராயினாவும் கூடப் போனாள்.

வெலிச்கோ நடையில் தனியாக அகப்பட்டான். டிமானா அவன் சட்டையைப் பிடித்தாள்.

"எத்தனை நாளா?"

"அவ படுத்ததுலேருந்து."

"கோட்டு?"

"அந்த மொத வருஷம் அவங்க ரேடியேட்டரும் ஓடலை. கட்ட முடியல. குளிர்ல கெடந்தா. எனக்குப் பாக்க முடியல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

வெலிச்கோ அவள் கையை மெல்ல எடுத்துவிட்டான். சுண்ணாம்பு ஏறி வெடித்த விரல்கள். "சொல்லியிருந்தா நீ ஜாடியை எண்ண ஆரம்பிச்சிருப்ப" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். ஏழு வருஷமாக அவன் திட்டியிருந்தால்கூட அவளுக்கு இப்படி இருந்திருக்காது. கட்டிய புருஷன், தன் மனைவிக்குத் தெரியாமல் அவளுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்கவேண்டியிருந்திருக்கிறது. வெளியாளிடம் மறைக்கிற மாதிரி.

சமையலறையிலிருந்து மிரோன் கூப்பிட்டார். "தங்கச்சி, வாஸ்கா ஒரு வாய் தயிர் கேக்குறா."

டிமானா விருந்தினர் அறைக்குப் போனாள்.

ஜன்னலோரம் ஜாடிகள் கறுப்புத் தண்ணீரில் நின்றன. ஸ்வெட்டர் ஊறி உப்பியிருந்தது. ஒரு ஜாடியை எடுத்துச் சாய்த்தாள். பால் தளதளவென்று ஒரு பக்கமாக ஓடியது. உறையவில்லை. அடுத்ததும் பால். அதற்கடுத்ததும் பால்.

உட்கார்ந்து தரையில் உள்ளங்கையை வைத்தாள். கல் மாதிரி குளிர்ந்திருந்தது.

ஓட்டைக்குள்ளிருந்து பேச்சு ஏறி வந்தது. ராயினாவின் குரல், துணி பிழிகிற சத்தத்துக்கு நடுவே.

"மறைக்க மாட்டேன் கண்ணு. மேல உங்கம்மா பேசினப்போ எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நாங்களும் சிக்கனக்காரங்கதான், மாவுச் சாக்கை உதறி ஒட்டியிருக்குறதைக்கூட விடமாட்டோம். ஆனா அடுத்தவங்க நெருப்புல குளிர் காஞ்சுட்டு அதைச் சிரிச்சு வேற சொல்றாங்களேன்னு. பஸ்ஸுல இவர்கிட்ட பேசணும், இந்தச் சம்பந்தம் யோசிக்கணும்னு நெனச்சுட்டேன். அப்புறம் இங்க வந்து பாத்தா! வாராவாரம் தயிர். வெளிய ஒருத்தர்கிட்ட மூச்சு விடல. எடுத்துக்கிட்ட சூட்டைத் திருப்பிக் குடுத்திருக்காங்க. உங்கம்மா சும்மா வாய்க்கு அப்படிப் பேசியிருக்காங்க, மனசு வேற. இல்லையா இஸ்க்ரா?"

கீழே வாளியில் ஒரு சொட்டு விழுந்தது.

"ஆ..." என்றாள் இஸ்க்ரா. "ஆமா."

டிமானாவுக்கு அந்த 'ஆமா' தெரியும். ரேடியேட்டர் ரிப்பேர் என்று சொன்ன வாய். சற்றுமுன் ஆசெனுக்குச் சொன்ன அதே 'ஆமா', வால் தொண்டைக்குள் தங்கிப்போனது. அம்மாவின் சிக்கனத்தை மூடி மறைக்க இந்தப் பிள்ளை எத்தனை 'ஆமா' போட்டிருக்கிறாளோ. இதுதான் கடைசி, பெரிய 'ஆமா'. இதன் மேல்தான் ஒரு குடித்தனத்தையே கட்டப்போகிறாள்.

சும்மா இருந்தால் போதும். கல்யாணம் நடந்துவிடும். எதுவும் செலவில்லை.

தரையில் கிடந்த குறட்டை எடுத்தாள். குழாயில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். கீழே பேச்சு நின்றது. அவள் முழங்கால் ஈரத்தில் பதிய, கன்னம் தரையைத் தொட, குனிந்து அந்த ஓட்டைக்கு வாயைக் கொடுத்தாள்.

"ராயினா சம்பந்தி."

"யாரு? நீங்களா? எங்கேருந்து பேசுறீங்க?"

"மேல இருந்து. அந்தத் தயிர் நான் குடுத்தனுப்பினது இல்ல. ஒரு ஜாடிகூட இல்ல. என் புருஷன் எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போனது. கோட்டும் அவர் குடுத்ததுதான். அது காணாமப் போச்சுன்னு படியில நின்னு நான் சாபம் விட்டேன். வாஸ்காவை வந்து பாத்தது ஒரே தடவை." மூச்சு வாங்கியது. "மேஜையில நான் பேசினதுதான் நான். என் பொண்ணு எனக்காகச் சொல்ற ஆமாவை எடுத்துக்காதீங்க. அவ பொய் சொல்ற பொண்ணு இல்ல. நான்தான் அவளைச் சொல்ல வச்சேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறையிலும் பேச்சு அடங்கிப்போனது. மிரோன், வாஸ்கா, டோப்ரி, ஆசென், எல்லோருக்கும் கேட்டிருக்கும். வெலிச்கோ அறை வாசலில் வந்து நின்றதை அவள் திரும்பிப் பார்க்காமலே உணர்ந்தாள்.

கீழே துணி வாளிக்குள் விழுந்தது. ஏதோ தாழ்ந்த குரலில் ஒரு கேள்வி. அதற்கு அதைவிடத் தாழ்ந்த ஒரு பதில். டிமானாவுக்கு வார்த்தை பிடிபடவில்லை. பிறகு கீழ் வீட்டுக் கதவு திறக்கும் சத்தம்.

படியில் காலடி. ஒரே ஒருவர்தான் ஏறி வருகிறார். மெதுவாக, ஒவ்வொரு படியாக. அது மகளா, சம்பந்தியா என்று தெரியவில்லை.

டிமானா சுவரைப் பிடித்து எழுந்தாள். முழங்காலிலிருந்து கறுப்பு நீர் வழிந்தது. நடைக்குப் போனாள். வாசல் கதவை அகலத் திறந்தாள். மாடிப்படியின் குளிர் மொத்தமாக உள்ளே பாய்ந்தது. அடுப்பின் சூடு அவளைத் தாண்டி வெளியே போனது.

அவள் கதவைச் சாத்தவில்லை.